முள் நகராத மாதங்கள்

முதல் இரண்டு மாதங்களில் யாருக்கும் நம்பிக்கையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. காபியில் சர்க்கரை குறைகிறது, ராத்திரி இட்லி ஐந்திலிருந்து மூன்றாகிறது, விடிகாலையில் நடக்கக் கிளம்புகிறோம். எடை மெஷினும் கையோடு பதில் சொல்லிவிடுகிறது. முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ இறங்கியவர்கள் உண்டு. அந்த இரண்டு கிலோவில் பெரும்பங்கு தண்ணீர் என்று நான் சொன்னால் அப்போது காதில் ஏறாது. மாவுச்சத்தை உடம்பு கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கும்போது ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைக்கிறது. சோறு குறைந்ததும் அந்தச் சேமிப்பு கரையும், தண்ணீரும் கூடவே போகும்.

அதற்குப் பிறகு வரும் காலத்துக்காகத்தான் இந்த அத்தியாயம். நான்காவது மாதமோ ஆறாவது மாதமோ, சாப்பாட்டிலும் நடையிலும் ஒரு மாற்றமும் இல்லாமலிருக்க, முள் ஒரே இடத்தில் நின்றுவிடும். பாதியில் கைவிட்டவர்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். பசி தாங்காமல் விட்டேன் என்று சொன்னவர்கள் குறைவு. “எங்க குடும்ப வாகே இப்படி”, “என்கிட்ட மன உறுதி இல்ல” என்று தங்கள்மீதே தீர்ப்பு எழுதிக்கொண்டு விட்டவர்கள்தான் அதிகம். அந்தத் தீர்ப்பு தவறு. ஏன் தவறு என்பதை முதலில் உடம்பிடமிருந்தே கேட்டுக்கொள்வோம்.

உடம்பு ஏன் அடம்பிடிக்கிறது

ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. தினம் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் வாரத்துக்கு அரைக் கிலோ குறைய வேண்டும் என்பது காகிதக் கணக்கு. ஆனால் 90 கிலோவாக இருந்தவர் 80 கிலோ ஆனதும் அதே தெருவை அதே வேகத்தில் சுற்றிவர முன்னைவிடக் குறைந்த சக்தியே போதும். படுத்துத் தூங்கவும் குறைவாகவே செலவாகும். ஆரம்பத்தில் இருந்த 500 கலோரி இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி ஒருநாள் இல்லாமலே போகிறது. நீங்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை. சின்னதாகிவிட்ட உடம்பு சிக்கனமாகச் செலவு செய்கிறது.

சிக்கனத்தோடு நின்றால் பரவாயில்லை, பசியையும் அது கூட்டுகிறது. இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். அவர்கள் போரில் ஆயுதம் எடுக்க மனசாட்சி இடம் கொடுக்காமல், அதற்குப் பதிலாகத் தங்கள் உடம்பையே ஒப்படைத்தவர்கள். பலர் குவேக்கர், மென்னோனைட், பிரதரன் போன்ற சமாதானத் திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய இறை நம்பிக்கையையும் மன உறுதியையும் யாரும் சந்தேகிக்க முடியாது. ஒரு நாளைக்குச் சுமார் 1,600 கலோரி கொடுத்தார்கள். இன்று கைக்குக் கை மாறும் பல டயட் சார்ட்டுகளில் இருப்பது அதைவிடக் குறைவு. எடையில் கால்பங்கு போனது. கூடவே அவர்கள் இரவும் பகலும் சாப்பாட்டையே நினைத்தார்கள், சமையல் புத்தகங்களை வாங்கி வைத்துப் படித்தார்கள், எரிந்து விழுந்தார்கள். சோதனை முடிந்து வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் பலருக்குப் பசி அடங்க மாதங்கள் ஆயின. அவர்கள் குண்டானவர்கள் அல்லர், சாதாரண எடையோடு சேர்ந்தவர்கள் என்பது உண்மைதான். ஆனாலும் உணவு குறைந்தால் மனித உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதைவிடத் தெளிவாக வேறொன்றும் காட்டவில்லை.

குண்டானவர்களிடம் என்ன நடக்கிறது என்பதும் பிறகு தெரியவந்தது. கொழுப்புத் திசுவிலிருந்து மூளைக்குச் சேதி சொல்லும் லெப்டின் 1994-இல் கண்டறியப்பட்டது. பசியைத் தூண்டும் கிரெலின் 1999-இல். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 50 பேருக்குப் பத்து வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாடு கொடுத்து எடையைக் குறைத்து, ஓராண்டு கழித்து இரத்தத்தைப் பார்த்தார்கள். 2011-இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஓராண்டு ஆன பின்பும் லெப்டின் தாழ்ந்தும் கிரெலின் உயர்ந்தும்தான் இருந்தன. பசியும் பழைய நிலைக்கு இறங்கவில்லை.

1876 முதல் 78 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் பிழைத்து வந்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். நம் உடம்புக்கு டயட் என்றால் என்னவென்று தெரியாது. சோறு குறைந்தால் பஞ்சம் வந்துவிட்டது என்றுதான் அதற்குப் புரியும். உங்களைக் காப்பாற்றத்தான் அது இறுக்கிப் பிடிக்கிறது. முள் நகராத காலையில் முதலில் நினைத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

மாலை போட்டவருக்கு மட்டும் எப்படி முடிகிறது?

கார்த்திகை ஒன்றாம் தேதி நம் தெருக்களைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி இல்லாமல் இருக்கமாட்டேன் என்பவர், தினம் ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பவர், எட்டு மணிக்கு முன்னால் எழுந்தே பழகாதவர், ஒரு துளசிமாலை கழுத்தில் விழுந்ததும் ஒரு மண்டலம், 41 நாள், விடியுமுன் பச்சைத்தண்ணீரில் குளித்து, மாமிசம் தொடாமல், பாயில் படுத்து எழுந்துவிடுகிறார். அவரிடம் மன உறுதி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், “நம்ம கையில என்ன இருக்கு, எல்லாம் ஐயப்பன் பாத்துக்கிறார்” என்பார். அதில் உள்ள நம்பிக்கையை நான் மதிக்கிறேன். அதோடு, அந்த 41 நாளில் அவரைச் சுற்றி என்னென்ன மாறுகிறது என்பதையும் கவனிக்கச் சொல்கிறேன்.

வீட்டில் மீன் வாங்குவதில்லை. அவருக்கென்று தனித்தட்டு. சாயங்காலம் கூப்பிடும் கூட்டாளிகள் அவர்களாகவே கூப்பிடாமல் விட்டுவிடுகிறார்கள். என்ன சாப்பிடலாம், எப்போது சாப்பிடலாம் என்பது முன்கூட்டியே முடிவானது, தினமும் மனதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வழி தெரியாத கன்னிச்சாமிக்கு ஒரு குருசாமி இருக்கிறார். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று: மாலை போட்ட அன்றே எல்லோரும் அவரைச் ‘சாமி’ என்று கூப்பிடத் தொடங்குகிறார்கள். ஆட்டோக்காரர், டீக்கடைக்காரர், அவருடைய மேலதிகாரி, பெற்ற அம்மாகூட. விரதம் முடித்துக் காட்டினால்தான் மரியாதை என்று யாரும் காத்திருப்பதில்லை. முதல் நாளே கிடைத்த அந்த மரியாதைக்கு ஏற்றபடி அவர் நடந்துகொள்கிறார்.

எடை குறைப்பில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். இருபது கிலோ குறைந்த பிறகு என்னை எனக்குப் பிடிக்கும், அதுவரைக்கும் இந்த உடம்பைத் திட்டிக்கொண்டிருப்பேன் என்று இருக்கிறோம். திட்டு வாங்கும் உடம்பை யாரும் பொறுமையாக நடைக்குக் கூட்டிக்கொண்டு போவதில்லை.

மாலைக்கு 41 நாள் கணக்கு உண்டு. கழற்றிய மறுநாளே பிரியாணி வரும். எடை விஷயத்தில் மாலையைக் கழற்றும் நாள் கிடையாது என்பதால், விரதத்தின் கடுமையை எடுத்துக்கொள்ளாமல் அதன் ஏற்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் ஒரே ஒருமுறை உட்கார்ந்து தெளிவாகச் சொல்லுங்கள்: ராத்திரி எட்டு மணிக்கு மேல் எனக்குத் தட்டு வைக்க வேண்டாம், மிக்சர் டப்பா என் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டாம். நடைக்கு ஒரு துணை பிடியுங்கள். உங்களுக்கு முன்னால் இந்த வழியில் போய்வந்த ஒருவரை அவ்வப்போது பார்த்துப் பேசுங்கள். காலைப் பலகாரம் என்ன என்பதை முந்தின இரவே முடிவு செய்யுங்கள். பசியோடு நின்றுகொண்டு முடிவெடுக்கும் நேரங்களை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு நல்லது.

எதை வேண்டிக்கொள்வது

“பத்துக் கிலோ குறைந்தால் பழனிக்கு வந்து முடி இறக்குகிறேன்” என்று வேண்டிக்கொண்டவர்கள் உண்டு. வேண்டுதலில் தவறில்லை, அதை எதன்மீது வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பத்துக் கிலோ என்பது உங்கள் கையில் இல்லை. தண்ணீரும் உப்பும் ஹார்மோனும் வயதும் மாத்திரையும் சேர்ந்து முடிவு செய்வது அது. உங்கள் கையில் இருப்பது காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுவது. ஆகவே, “இந்த மாதம் முழுக்க நடக்கப் போகிறேன், நீ கூட இரு” என்று வேண்டிக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் செய்வது இதுதான். அவர்கள் வேண்டிக்கொள்வது நடையை. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போக ஆசை இருந்தால் அதையே மூன்று மாதம் தள்ளி ஒரு பௌர்ணமிக்கு வைத்துக்கொண்டு இப்போதிருந்தே நடந்து பழகலாம். முட்டி பழகாமல் முதல் பௌர்ணமியிலேயே போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் இதே கணக்குத்தான். செயலின்மீது வைத்த உறுதியை அன்றன்றே நிறைவேற்றிவிடலாம்.

விரதத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பாலும் பழமுமாக இருந்தால் எடை இறங்கும், அடுத்த வாரமே ஏறும். அது விரதத்தின் குறை ஆகாது, விரதம் எடைக்காக ஏற்பட்டதே இல்லை. ஏகாதசிக்குச் சோறு இல்லையென்று ஜவ்வரிசியும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டால் சாதாரண நாளைவிடக் கூடுதலாகவே உள்ளே போகும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி இருக்கவே கூடாது. சர்க்கரை சட்டென்று தாழ்ந்து மயங்கி விழ நேரும். ரம்ஜான் நோன்பு பிடிப்பவர்களுக்குச் சஹருக்கும் நோன்பு திறப்புக்கும் ஏற்றபடி மருந்தை மாற்றிக்கொடுக்கும் மருத்துவர்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். நோன்புக்கு ஒரு மாதம் முன்னதாகவே போய்ப் பாருங்கள்.

முழுக்க நனைந்த பின்

முக்காடு எதற்கு என்று கேட்போம். நல்ல பழமொழி, எடை விஷயத்தில் மட்டும் ஆபத்தான பழமொழி. ஒரு மைசூர்பாகு வாய்க்குள் போனதும் “இன்னிக்குக் கெட்டாச்சு, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று டப்பாவையே காலி செய்கிறோம். டயட்டில் இருப்பவர்களின் இந்தப் பழக்கத்தை ஹெர்மன், மாக் என்ற இரு ஆய்வாளர்கள் 1975-இலேயே பதிவு செய்தார்கள். முதலில் மில்க் ஷேக் குடிக்க வைத்து, பிறகு ஐஸ்கிரீமை வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். மற்றவர்கள் மில்க் ஷேக் குடித்ததற்குத் தக்கபடி ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருப்பவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள்.

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு கல்யாணச் சாப்பாட்டில் அளவுக்குமேல் 1,500 கலோரி போய்விட்டது என்று வையுங்கள். அது கொழுப்பாகச் சேர்ந்தால் அதிகபட்சம் 200 கிராம். மறுநாள் காலை மெஷின் ஒன்றரைக் கிலோ கூடுதலாகக் காட்டினால், மிச்சமெல்லாம் உப்பு பிடித்து வைத்த தண்ணீரும் குடலில் இருக்கும் உணவும். மூன்று நான்கு நாளில் தானே இறங்கிவிடும். ஆனால் அந்த ஒன்றரைக் கிலோவைப் பார்த்து மனம் விட்டுப்போய் ஒரு மாதம் சாப்பிட்டால்தான் நிஜமாகவே ஏறும். எனவே விருந்துக்கு மறுநாள் மெஷினில் ஏறாதீர்கள். பிராயச்சித்தமாகப் பட்டினியும் கிடக்காதீர்கள், அது சாயங்காலப் பசியில் வந்து முடியும். அடுத்த வேளையை எப்போதும்போலச் சாப்பிடுங்கள்.

எடை பார்ப்பதற்கு வாரத்தில் ஒரு நாள், காலைக்கடன் முடித்து, காபிக்கு முன்னால். நான்கு வாரத்துக்குச் சராசரி எடுத்து, போன மாதச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மாதவிலக்குக்கு முந்தின நாட்களில் பல பெண்களுக்கு ஒன்று இரண்டு கிலோ தண்ணீர் சேரும், அதனால் அவர்கள் வாரத்தோடு வாரத்தை ஒப்பிடுவதில் பொருளில்லை. அந்த எண்ணைப் பார்த்தாலே அன்றைய நாள் கெட்டுப்போகிறது என்பவர்கள் மெஷினைப் பரணில் ஏற்றிவிட்டு இடுப்பை டேப்பால் அளக்கலாம். இந்தியர்களுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது என்பது மருத்துவர்கள் வகுத்த அளவு.

கல்யாண வீட்டில்

பந்தியில் பரிமாறுகிறவரிடம் “வேண்டாம்” என்றால் உபசாரம் இரட்டிப்பாகும். “கொஞ்சமா” என்றால் கொஞ்சம்தான் விழும். பொரியலையும் கூட்டையும் அவியலையும் இரண்டாம் தடவை கேட்டு வாங்குங்கள், பரிமாறுகிறவர் முகம் மலரும். அடுத்த தடவை சோறு வரும்போது இலைக்கு மேல் கையை நீட்டினால் போதும். கோயில் பிரசாதத்தை மறுக்க மனம் வராதவர்கள் மறுக்க வேண்டாம். ஒரு விரலளவு எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மிச்சத்தைப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குக் கொடுங்கள். பிரசாதத்துக்கு அளவு முக்கியமென்று எந்த அர்ச்சகரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சாப்பாட்டைவிடக் கடினம் வாய்ப்பேச்சு. எடை கூடியிருந்தால் “நல்லா பூசின மாதிரி ஆயிட்டியே” என்பார்கள். குறைந்தால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைக்கிறீர்களா? “என்னடி இப்படிக் கருவாடாப் போயிட்ட? சுகர் வந்துருச்சா? முகமே வாடிப்போச்சே” என்று பெரியம்மா பந்தியிலேயே கையைப் பிடித்துக்கொள்வார். ஒரு வருஷ உழைப்பு ஒரு நிமிஷத்தில் நோயாகிவிடும். அவர் கண்ணில் இளைப்பது என்பது வறுமைக்கும் காசநோய்க்கும் அடையாளம். அவர் வளர்ந்த வீட்டில் அப்படித்தான் இருந்திருக்கும். விளக்கம் சொல்லப் போனால் வாக்குவாதமாகும். “சுகரெல்லாம் இல்ல பெரியம்மா, நல்லாருக்கேன். நீங்க முட்டிவலிக்கு டாக்டரப் பாத்தீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு அரை மணி நேரம் அந்தப் பக்கம் போகும், உண்மையிலேயே அவருக்கு அதைச் சொல்ல ஆள் வேண்டியிருக்கும்.

ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் இந்த விட்டுக்கொடுப்பு வேண்டாம். பத்து வயதுப் பெண்ணைப் பார்த்து “குண்டு” என்று யாராவது கூப்பிட்டால் அப்போதே, அந்தக் குழந்தையின் காதில் விழும்படி, “அப்படிக் கூப்பிடாதீங்க” என்று சொல்லுங்கள். நாற்பது வயதிலும் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு நடக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

இன்றைய அளவுக்கு ஒரு ஜாக்கெட்

எங்கள் தெருவில் ஒரு தையல் கடை. ஒருநாள் ஒரு பெண் பட்டுத்துணியை மேசையில் வைத்துவிட்டு, “இப்ப அளவெடுக்காதீங்கக்கா, பழைய ஜாக்கெட்டு அளவுக்கே தைங்க. தீபாவளிக்குள்ள இளைச்சுருவேன்” என்றார். தையற்கார அக்கா டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தபடியே, “கைய தூக்கும்மா. இப்ப இருக்க அளவுக்குத் தைக்கிறேன். இளைச்சா பிடிச்சுத் தர்றேன், பத்து நிமிஷ வேலை. உள்ள ஒரு இன்ச் துணியும் விடுறேன், வேணும்னா பிரிச்சுக்கலாம்” என்றார். ஏறினாலும் இறங்கினாலும் அவருக்கு ஒன்றுதான், இரண்டுக்கும் இடம் வைத்தே தைக்கிறார். அந்தப் பெண் கையைத் தூக்கினார்.

பீரோவில் “இளைத்த பிறகு” என்று காத்திருக்கும் உடைகளைத் திறந்து பாருங்கள். இன்று பொருந்தும் நல்ல உடை குறைந்தது நான்கு இருக்கட்டும். குடும்பப் படத்தில் ஓரமாக நின்று பிள்ளையின் பின்னால் உடம்பை மறைக்காதீர்கள். நடைக்குப் போடும் செருப்பை நல்லதாக வாங்குங்கள். திருமூலர்கூட முதலில் உடம்பை இழிவாக எண்ணியிருந்ததாகவும், அதற்குள் இறைவன் இருப்பதைக் கண்டபின் பேணத் தொடங்கியதாகவும்தான் சொல்கிறார். மதித்த பிறகுதான் பேணல் வந்தது என்ற அந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எடை குறையாவிட்டாலும் உழைப்பு வீணாகாது என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் சீர்செய்தவர்களில் சர்க்கரை நோய் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. முள் நகராத மாதங்களில் உள்ளே ஏதோ நடந்துகொண்டுதான் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி என்ற சர்க்கரைப் பரிசோதனை, இரத்த அழுத்தம், மாடிப்படி ஏறும்போது வாங்கும் மூச்சு, இவற்றையும் எடைக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின் ஆகியவை எடையை இறங்கவிடாமல் பிடித்து வைக்கலாம். ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் ஒன்றும் நகரவில்லையென்றால் மருத்துவரிடம் போங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எடையைக் குறைக்க உதவும் டிர்செபடைடு ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது, எடைக்கான செமாகுளுடைடு அதே ஆண்டு ஜூனில். மருத்துவர் இவற்றில் ஒன்றைப் பரிந்துரைத்தால் அது உங்கள் விடாமுயற்சியின் தோல்வி ஆகாது. பசிச் சேதியை மாற்றும் மருந்து அது. ஆனால் செமாகுளுடைடை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததாக ஆய்வு காட்டியிருக்கிறது. நிறுத்துவதைப் பற்றிய பேச்சைத் தொடங்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். சாப்பிட்டதை வாந்தி எடுப்பதோ, யாருக்கும் தெரியாமல் அடக்க முடியாமல் சாப்பிடுவதோ இருந்தால் டயட்டை அங்கேயே நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். எடை காத்திருக்கலாம்.

குறைந்த எடையைக் குறைந்தபட்சம் ஒரு வருஷமாவது காப்பாற்றியவர்களை அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய ஒரு பதிவேட்டில் சேர்த்துக் கவனித்தார்கள். அவர்களிலும் எடை ஏறியவர்கள் உண்டு. கொஞ்சமாக ஏறும்போதே பிடித்தவர்களுக்கு மீள்வது எளிதாக இருந்தது, நிறைய ஏறிய பின் மீண்டவர்கள் மிகச் சிலரே. ஆகவே உங்கள் மாதச் சராசரி இரண்டு கிலோ கூடியிருந்தால், காரணம் தேடிக் குற்றவாளியைப் பிடிப்பதை விட்டுவிட்டு, முதல் மாதத்தில் செய்த இரண்டே காரியங்களை மட்டும் திரும்ப எடுங்கள்: ராத்திரித் தட்டின் அளவு, காலை நடை. நோட்டில் அந்தத் தேதியை எழுதி, நடைத்துணைக்கு இன்றே ஒரு போன் போடுங்கள்.